ஓட்டை எங்கே போடலாம்?

சிவில் மக்களே, ஷியர் ஃபோர்ஸ் டயக்ராம் போட்டு மார்க் வாங்கியாச்சு. சரி, அந்த பீமில் ஒரு பைப் போக ஓட்டை எங்கே போடலாம்? நம்மில் பாதிப் பேர் முழிப்போம்.

அமெரிக்காவில் மர வீடு கட்டுற கார்பென்டர் முழிக்க மாட்டார். அங்கே பல வீடுகளில் தரையைத் தாங்குவது மர ஐ-ஜாயிஸ்ட். 1969-இல் டிரஸ் ஜாயிஸ்ட் நிறுவனம் கொண்டுவந்தது. நம்ம ஸ்டீல் ஐ-செக்‌ஷன் வடிவமேதான்: மேலும் கீழும் மர ஃபிளாஞ்ச், நடுவில் மெல்லிய ஓஎஸ்பி பலகை வெப்.

ஃபிளாஞ்சில் சின்ன வெட்டுகூடக் கூடாது. பெண்டிங்கைத் தாங்குறதே அதுதான். வெப்பில் துளைக்கலாம். ஆனா சப்போர்ட் பக்கத்தில் ஷியர் அதிகம், அங்கே பெரிய ஓட்டை வேண்டாம். ஸ்பான் நடுவில் பெரிசாவே போடலாம். கம்பெனி தரும் ஹோல் சார்ட் வேறொண்ணும் இல்லை, நாம வரையிற அதே டயக்ராம்தான், அட்டவணையா!

பிரேசிங் அடிக்கும் முன் அதன்மேல் நடந்தா ஜாயிஸ்ட் பக்கவாட்டில் புரண்டு ஆளையே கீழே தள்ளிடும். லேட்டரல் பக்லிங்கை நாம 2 மார்க் கேள்வியா மட்டும்தானே பார்த்தோம்?

குறையும் உண்டு. மெல்லிய வெப் தீயில் சீக்கிரம் போயிடும். அதனால்தான் 2012 ஐஆர்சி விதி, அடியில் அரை இன்ச் ஜிப்சம் போர்டு போன்ற பாதுகாப்பு கேட்டது.

சிலபஸில் இது வராது. ஹோல் சார்ட் பிடிஎஃப் இலவசம். அடுத்த அசைன்மென்ட் போடும்போது பக்கத்தில் திறந்து வையுங்க.