கேஸ் போட்டாச்சு, சரி. அடுத்த வாய்தா என்னைக்கு?

நண்பருக்குக் கொடுத்த 5 லட்சம் திரும்ப வரல. புரோ நோட்டை வச்சு சிவில் கோர்ட்டுல கேஸ் போடறீங்க. தமிழ்நாட்டுல கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், அதுவே 15,000 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. இவ்வளவும் கட்டிட்டு, "வக்கீல் பாத்துப்பாரு"ன்னு பெங்களூருக்கு பஸ் ஏறிடறவங்கதான் நம்மள்ல நிறைய பேர். 2,000 ரூபாய் எஸ்ஐபி போற தேதி மனப்பாடமா தெரியும். 5 லட்சம் கேஸுக்கு அடுத்த வாய்தா எப்போன்னு கேட்டா முழிப்போம்.

வாய்தா அன்னைக்கு எதிர்த்தரப்பு வந்து, உங்க தரப்புல யாருமே இல்லைன்னா, கேஸ் தள்ளுபடி ஆயிடும். உங்க பக்கம் நியாயம் இருக்கான்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, ஆனா கேஸ் முடிஞ்சது. அதே விஷயத்துக்குப் புதுசா கேஸும் போட முடியாது. (ரெண்டு தரப்புமே வரலைன்னா புதுசா போடலாம். ஆனா பணம் வசூலுக்கான 3 வருஷக் கெடு அதுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிருக்கும்.) மிச்சம் இருக்கிறது ஒரே வழி: தள்ளுபடியை ரத்து பண்ணி, கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடறது. அதுக்கு 1963-ம் வருஷ லிமிடேஷன் சட்டம் கொடுக்கிற டைம் 30 நாள்.

பலரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் இது. அந்த 30 நாள், தள்ளுபடி ஆன தேதியில இருந்து ஓடும். உங்களுக்குத் தெரிய வந்த தேதியில இருந்து இல்ல. சம்மனே வராம எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கின பிரதிவாதிக்குத்தான் "தெரிய வந்த நாள்" கணக்கு. கேஸ் போட்ட நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

30 நாள் தாண்டிட்டா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் சேர்த்துப் போடணும். 1998-ல உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தையே, 10,000 ரூபாய் கட்டச் சொல்லி மன்னிச்சிருக்கு. எத்தனை நாள்ங்கிறதைவிட, சொல்ற காரணம் ஏத்துக்கிற மாதிரி இருக்கான்னுதான் பார்த்தாங்க. அந்தத் தீர்ப்பை நம்பி அசால்ட்டா இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2024 நவம்பர்ல அதே உச்ச நீதிமன்றம், எல்லாப் பழியையும் வக்கீல் தலையில போட்டுட்டுத் தப்பிக்க முடியாது, கேஸ் போட்டவரும் விழிப்பா இருக்கணும்னு சொல்லிடுச்சு. என்னைக் கேட்டா அது சரிதான். அதே வருஷம் மே மாசம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னும் தீர்ப்பு வந்தாச்சு. ஆக, நஷ்டத்தைக் கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போற கதவும் மூடியாச்சு.

இத்தனைக்கும் கேஸைப் பார்த்துக்கிட்டே இருக்க ஒரு பைசா செலவில்ல. ஈகோர்ட்ஸ் ஆப்ல உங்க கேஸோட 16 இலக்க சிஎன்ஆர் நம்பரைப் போட்டா அடுத்த வாய்தா தெரியும். கேஸ் போடும்போதே மனுவுல உங்க மொபைல் நம்பரையும் கொடுக்கச் சொல்லுங்க. வக்கீலை நம்பலைன்னு அவர் நினைப்பாரேன்னு தயங்க வேண்டாம், பணம் உங்களோடது.

தள்ளுபடின்னு பார்த்தா, அன்னைக்கே உத்தரவு நகலுக்கு மனு போடச் சொல்லுங்க. ஏன் வர முடியலைங்கிறதுக்குப் பேப்பர் சேருங்க: ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஆன்சைட் போயிருந்தா பாஸ்போர்ட் முத்திரை. "ஆபீஸ்ல லீவு தரல"ன்னு மட்டும் சொன்னா கோர்ட் அவ்வளவு சுலபமா ஏத்துக்காது. தெரிஞ்ச டாக்டர்கிட்ட போலி சர்டிபிகேட் வாங்கற யோசனை வேண்டவே வேண்டாம். அது சத்தியப் பிரமாணத்தோட கோர்ட்டுல கொடுக்கிற பேப்பர். வக்கீல் போனே எடுக்கலைன்னா வேற வக்கீலுக்கு வக்காலத்து மாத்துங்க, ஆனா அதை அந்த 30 நாளுக்குள்ள முடிங்க.

கேஸைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு கோர்ட் சொன்னா, அந்த உத்தரவு மேல அப்பீல் போகலாம். உயர் நீதிமன்றம் தவிர மத்த கோர்ட்டுன்னா, அதுக்கும் 30 நாள்தான்.