வண்டிக்கு உறுப்பும் அணியும்

இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள், தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு வியத்தல் கூடும். வியப்புக்கு இடமில்லை. சப்பிரகமுவ மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் லயன் அறைகளிற் பிறந்து, நெடுந்தூரம் நடந்து வந்து கற்றவர் பலர் இன்று ஆசிரியராகவும், கணக்காளராகவும், வணிகராகவும், பிறநாடுகளில் உழைப்பவராகவும் விளங்குகின்றனர். அவர்தம் பாட்டனார் காலத்தில் தோட்டத்துப் பாதையில் வண்டி என்றால் அது துரையின் வண்டி. ஓசை கேட்டதும் ஒதுங்கி நிற்பதே வழக்கம். ஒதுங்கி நின்றவரின் பேரர் தாமே வண்டி வாங்கும் நிலை எய்தியமை கண்டு மகிழாதார் யார்? ஆயினும், வாங்கும் வண்டியில் எதற்குப் பணம் கொடுக்கின்றோம் என்னும் வினாவை நம்மவர் போதிய அளவு எழுப்புகின்றனரா என்பதே என் ஐயம்.

நம் நாட்டு வண்டிச் சந்தையில் ‘ஃபுல் ஒப்ஷன்’ என்னும் தொடர் மந்திரம்போல் வழங்குகின்றது. பத்திரிகை விளம்பரத்திலே அது முதலில் நிற்கும். விற்பவர் வாயிலும் அதுவே முதலில் வரும். அத்தொடருள் அடங்கியவை யாவை என்று பிரித்துப் பார்ப்பார் சிலரே. தமிழ் கற்பிப்பவனுக்குத் தெரிந்த வேறுபாடு ஒன்றை இங்கே துணைக்கு அழைக்கின்றேன். செய்யுளுக்கு உறுப்பு உண்டு; அணியும் உண்டு. உறுப்புக் குறைந்தால் செய்யுள் நில்லாது. அணி இல்லையெனினும் செய்யுள் நிற்கும். இருந்தால் அழகு கூடும். வண்டியின் மேலதிக வசதிகளையும் இவ்வாறே பகுத்தல் தகும். அவற்றுட் சில உறுப்பு; பல வெறும் அணி. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே குரலில் விற்பதுதான் வணிகரின் திறமை. அவற்றைப் பிரித்தறிவது வாங்குவோரின் கடமை.

சொகுசு வண்டிகளின் மேலதிக வசதிகள் அனைத்தும் வீண் என்று ஒரே மூச்சிற் கூறிவிடுதல் எளிது, நேர்மை அன்று. வரலாறு வேறுவிதமாகச் சொல்கின்றது. சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் மின்னணுப் பிரேக்கு ஏற்பாடு, 1978ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் உயர்ரக வண்டியிலே மேலதிக விலைக்கே கிடைத்தது. சாரதியைக் காக்கும் காற்றுப்பையும் 1981இல் அந்நிறுவனத்தின் உயர்ரக வண்டியில் மேலதிக வசதியாகவே வந்தது. 1997ஆம் ஆண்டு அதே நிறுவனத்தின் புதிய சிறு வண்டியொன்று, சுவீடன் நாட்டிலே தடையொன்றைச் சட்டென விலகிச் செல்லும் சோதனையிற் கவிழ்ந்தது. அதன்பின், பெருவண்டிகளுக்குரியதாயிருந்த நிலைகாக்கும் மின்னணு ஏற்பாடு அச்சிறு வண்டிகள் அனைத்திலும் பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014இலிருந்தும் புதிய வண்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. இலங்கையிலும் 2018இல், காற்றுப்பையும் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் முப்புள்ளி இருக்கைப் பட்டியும் இல்லாத வண்டிகளின் இறக்குமதியைத் தடுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆதலின், செல்வர் தம் வண்டிக்கு மிகுதியாகக் கொடுத்த பணத்தால் வளர்ந்த சில பொருள்கள், பின்னர் எளியோர் உயிரையும் காத்தன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1959ஆம் ஆண்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் முப்புள்ளி இருக்கைப் பட்டியை வகுத்தார். அந்நிறுவனம் அதற்கான உரிமையை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. உறுப்பாகிய ஒன்றை உறுப்பாகவே மதித்த செயல் அது. அதற்கு மாறாக, அமெரிக்காவின் செவ்ரோலெட் கோர்வேர் வண்டியில், திருப்பத்திலே சாயாது காக்கும் உருக்குச் சட்டம் தொடக்கத்தில் எல்லா வண்டிகளிலும் பொருத்தப்படவில்லை. 1964ஆம் ஆண்டு மாதிரியில்தான் அது வழமையாக்கப்பட்டது. 1965இல் ரால்ப் நேடர் எழுதிய நூல் அவ்வண்டியைக் கடுமையாகக் கண்டித்தது. வண்டிப் பாதுகாப்பு அமெரிக்க அரசியலிலேயே பெரும் வினாவாயிற்று. உயிர் காப்பதை விருப்பப் பொருளாக்கி விற்பது அறமன்று என்பதை உலகம் அப்போதுதான் உரக்கப் பேசத் தொடங்கியது.

இனி அணிகளைக் காண்போம். 2022ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில், இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. சூடாக்கும் கம்பிகள் இருக்கைக்குள் ஏற்கெனவே உள்ளன, பணம் கட்டினால் அவை இயங்கும், கட்டாவிடின் உறங்கும்! வாங்குவோரின் எதிர்ப்பு மிகவே, 2023இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. குளிர்நாட்டாருக்காவது அது பயன் தரும். நம்மவர் வண்டிகளிலும் அச்சூட்டிருக்கை இருக்கின்றதே, அதனை யாது சொல்வது? இரத்தினபுரியின் நண்பகல் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் தோல் இருக்கை, எவ்வித மின்சாரமும் இன்றியே வேண்டிய சூட்டைத் தரவல்லது.

யப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளைப் பற்றி நம்மவர் அறிவர். அந்நாட்டு மொழியிலே பேசும் வழிகாட்டித் திரை, அந்நாட்டின் வரைபடத்தை மட்டுமே அறியும்; தெரணியகலைக்கு வழி கேட்டால் அது மௌனம் சாதிக்கும். அங்குள்ள நெடுஞ்சாலைக் கட்டணத்தைத் தானே செலுத்தும் கருவி இங்கே வெறும் பெட்டி. வானொலியோ யப்பானிய அலைவரிசைக்கு ஏற்ப அமைந்தது. நம் நாட்டின் பல ஒலிபரப்புகள் அதில் அகப்படா. இவை யாவும் ‘ஃபுல் ஒப்ஷன்’ என்னும் பெயரால் விலையை ஏற்றுகின்றன. பயன்படாத கருவிக்குப் பணம் கொடுத்து, அதன்பின் பயன்படும் கருவியை வேறு கடையில் வாங்கிப் பூட்டுகின்றோம்.

நம் பகுதியின் மண்ணும் மழையும் இவ்வினாவுக்குத் தனி விடை தருகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் நிலம். கூரையிலே திறக்கும் கண்ணாடி பலருக்கு ஆசைக்குரியது. அதன் ஓரத்து நீர்க்குழாய்களை மரத்தின் இலையும் தூசும் அடைத்துவிட்டால், மழைநீர் உள்ளே வடியும். இறப்பர் மரத்தடியில் வண்டியை நிறுத்துவோருக்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் கொழும்பு வீதியில் எடுப்பாகத் தோன்றும். குழியும் கல்லும் நிறைந்த தோட்டப் பாதையிலோ டயர் வெடிக்கும், சக்கரத்தின் விளிம்பு வளையும். களுகங்கை பெருகி 2003ஆம் ஆண்டும் 2017ஆம் ஆண்டும் இரத்தினபுரியை மூழ்கடித்தமை யாவரும் அறிந்ததே. பல வண்டிகளில் இருக்கையை நகர்த்தும் மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருக்கைக்கு அடியிலேயே உள்ளன. வெள்ளம் முழங்கால் அளவு வந்தாலே அவை அனைத்தும் பழுதாகும். கையால் இழுத்து நகர்த்தும் இருக்கையோ, கழுவி வெயிலில் உலர்த்தினால் மீண்டும் நகரும்.

இனிப் பணத்தைக் கணக்கிடுவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது நூற்றுக்கு இருபது சுங்கத் தீர்வையும், அத்தீர்வையின் மேல் அதன் பாதியளவு மேலதிக வரியும், இவற்றையும் சேர்த்து நூற்றுக்குப் பதினெட்டுப் பெறுமதி சேர் வரியும் விதிக்கப்பட்டன. இயந்திரத்தின் அளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை தனி. அவ்வுற்பத்தித் தீர்வையை ஒதுக்கிவிட்டே பார்ப்போம். ஒரு வண்டியின் அணிகளால் அதன் பெறுமதி ஓர் இலட்சம் ரூபா கூடுமாயின், சுங்கமும் மேலதிக வரியுமாக முப்பதினாயிரம் சேரும். ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்தின் மேல் பெறுமதி சேர் வரி ஏறும். கூட்டினால் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். பெட்ரோல் வண்டியின் பெறுமதி ஐம்பது இலட்சத்தைத் தாண்டுமாயின், தாண்டிய தொகைக்குச் சொகுசு வரியும் உண்டு. இதற்கும் மேலாக விற்பவர் இலாபம். கடனுக்கு வாங்குவோராயின் லீசிங் கம்பனியின் வட்டி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஒன்றரை இலட்சத்தை அதனால் வகுத்துப் பாருங்கள்: நூற்றுப் பத்து நாட்களுக்கு மேற்பட்ட கொழுந்துக் கூடை, யாரும் திறவாத கூரைக் கண்ணாடியொன்றில் அடங்கியிருக்கின்றது.

மறுப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். ‘உழைத்தவன் சுகம் தேடுதல் குற்றமா?’ என்பர். குற்றமன்று. நெடுந்தூரம் வண்டி ஓட்டுவோருக்கு முதுகைத் தாங்கும் நல்ல இருக்கை அணியன்று, உறுப்பே. கினிகத்தேனை மலையேறி யட்டியாந்தோட்டைக்கு இறங்குவோருக்கு இருளிலே வளைவைக் காட்டும் நல்ல விளக்கும் உறுப்பே. ‘அணி கூடினால் பின்னர் விற்கும்போது விலையும் கூடுமே’ என்பர் வேறு சிலர். ஓரளவு உண்மை. ஆயினும் புதிதாகக் கொடுத்த விலையில் ஒரு பகுதியே அவ்வாறு திரும்பும். பழுதான அணியோ விலையைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கும். காற்றினால் தாங்கும் தொங்கமைப்பு முதுமையடைந்து ஒழுகத் தொடங்கிய சொகுசு வண்டியை வாங்க ஆள் தேடுவோர் இதனை அறிவர். அதற்கான உதிரிப் பாகம் இரத்தினபுரிக் கடைத்தெருவில் எளிதில் அகப்படாது.

உண்மையான இடர் வேறிடத்தில் உண்டு. நிறுவனங்கள் உறுப்பையும் அணியையும் ஒரே கட்டாகக் கட்டி விற்கின்றன. பக்கக் காற்றுப்பை வேண்டுமாயின் தோல் இருக்கையும் வாங்க வேண்டும்; தடையைக் கண்டு தானே பிரேக்கு இடும் ஏற்பாடு வேண்டுமாயின் பளபளக்கும் சக்கரமும் உடன்வரும். இத்தகைய இடத்தில் யான் கூறும் விதி எளியது. உயிரைக் காப்பவற்றை முதலில் எழுதுக: எத்தனை காற்றுப்பை, நிலைகாக்கும் ஏற்பாடு உண்டா, பின்னிருக்கைக்கும் முப்புள்ளிப் பட்டி உண்டா, டயர் எத்தன்மையது. உழைப்பைக் குறைப்பவற்றை இரண்டாவதாக எழுதுக. பிறர் கண்ணுக்காக உள்ளவற்றை இறுதியில் எழுதுக. கையிலுள்ள பணம் எந்த வரியோடு முடிகின்றதோ, அங்கே கோடு இடுக. பெரிய பெயருடைய வண்டியின் பழைய மாதிரியை விடச் சிறிய வண்டியின் புதிய மாதிரி பல வேளை முதல் வரிசையை நன்கு நிறைவு செய்யும். பெயரைக் கண்டு மயங்காது பட்டியலைக் கண்டு தெளிக.

இவ்வண்டிகளிற் செல்வோர் யாவர் என்பதையும் நினைத்தல் வேண்டும். நம் பகுதியில் ஒரு குடும்பத்தின் வண்டி ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நோயாளியை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும், பரீட்சை எழுதும் பிள்ளைகளை நகருக்கு ஏற்றிச் செல்வதும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஓடுவதும் அதுவே. பின்னிருக்கையில் ஐவர் அமரும் வண்டிக்கு, முன்னிருக்கையின் சூடும் குளிரும் பற்றிய ஆராய்ச்சி எதற்கு? பட்டி கட்டி அமரும் இடம் எத்தனை பேருக்கு உண்டு என்பதல்லவா கேள்வி?

மாணவச் செல்வங்களே, நீவிரும் ஒருநாள் வண்டி வாங்குவீர்கள், வாங்க வேண்டும். பழைய மாணவப் பெருமக்களே, நீங்கள் விழாநாளில் கல்லூரி முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது, அதனைச் சூழ்ந்து நின்று பார்க்கும் சிறார் அதன் விலையைத்தான் முதலில் வினவுவர். விலையைச் சொல்லுமுன் அதன் காற்றுப்பைகளின் தொகையைச் சொல்லுங்கள்; பின்னிருக்கைப் பட்டியைக் கட்டிக் காட்டுங்கள். அணிக்குச் செலவிட எண்ணியிருந்த தொகையிலே ஒரு பங்கு மிஞ்சுமாயின், அதனை எங்கே இடலாம் என்பதற்கு இக்கல்லூரி நூலகத்தின் வெறும் அலுமாரித் தட்டுகள் விடை கூறும்.