நல்ல தண்ணி டேங்க் சரி, கழிவுத் தண்ணி டேங்க் எங்கே?

பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டெல்லாம் கழட்டி, கட்டிலும் அடுப்பும் வெச்சு, மேலே சோலார் மாட்டி ஊட்டிக்கு ஏறி வர்றாங்க. எதுக்கும் யாரையும் எதிர்பார்க்காத வாழ்க்கையாம். கரண்ட்டுக்குச் சரி. தண்ணிக்கு?

போன மார்ச்சில் எங்க ஊருக்குக் கீழே அப்படி ஒரு பஸ் வந்து நின்னுச்சு. ஊத்துத் தண்ணி விழுற ஊர்த் தொட்டியில் ஓஸைப் போட்டு, கூரைமேல் இருந்த 500 லிட்டர் டேங்கை நிரப்பிட்டாங்க. மோட்டார் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தா, தொட்டி அடியில் சேறு தெரியுது. குடத்தோட வந்த பெண்கள் தண்ணி ஊறித் தெளியிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. "மலைத் தண்ணிதானே அண்ணா, சும்மா வருது"ன்னான் ஒரு பையன்.

சும்மா வரலை தம்பி. மழைக்காலத்தில் சோலையும் புல்வெளியும் பிடிச்சு வெச்சதுதான் கோடையில் ஊத்தா கசியுது. அதில் பெரும்பகுதியை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் தின்னாச்சு. நினைச்ச இடத்தில் போர் போடவும் இங்கே முடியாது.

ஆனா எனக்குக் கோபம் வந்தது அந்த 500 லிட்டருக்காக இல்லை. பஸ்ஸுக்கு அடியில் ஒரு குழாய். பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணி நேரா ஓடைக்குப் போகுது. அந்த ஓடை எங்க தோட்டங்களைத் தாண்டி, குன்னூர் ஆத்தில் சேர்ந்து, மேட்டுப்பாளையம் பக்கம் பவானிக்குப் போறது. நாங்க ஒண்ணும் யோக்கியர் இல்லை. கேரட் கழுவுற தண்ணி எங்கே போகுதுன்னு என்னையும் கேக்கலாம், கேளுங்க. அதுக்காக இன்னொருத்தர் சோப்பையும் சேர்த்துக்கணுமா?

டேங்க் வாங்கும்போது எத்தனை லிட்டர், எந்த கம்பெனின்னுதான் பேச்சு. 500 லிட்டர்னா 500 கிலோ. அதைக் கூரையில் ஏத்திக்கிட்டு பர்லியார் வழியா 14 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்க. பாதி டேங்க் இன்னும் மோசம், தண்ணி ஒரு பக்கமா அலைஞ்சு வண்டியையே இழுக்கும். தண்ணி லாரி டிரைவர் யாரையாவது கேளுங்க, கதை கதையா சொல்லுவார். டேங்க் தரைக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில், உள்ளே தடுப்புத் தகட்டோட, சேஸிஸில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினதா இருக்கணும். வெளிச்சம் புகாத கறுப்பு டேங்க்னா பாசி பிடிக்காது. ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் நிறுத்துறவங்க வெளிக்குழாயைச் சுத்தி வைங்க, உறைபனியில் வெடிச்சிடும்.

ரெண்டு பேருக்கு 100 லிட்டர் மூணு நாளைக்குத் தாராளம். மிச்சமாகிற இடத்தில் அதே அளவுக்குக் கழிவுத் தண்ணி டேங்க் ஒண்ணு வைங்க. நிறைஞ்சா, செப்டிக் டேங்க் இருக்கிற விடுதியில் கேட்டுக் கொட்டுங்க. அதுக்கு இடமில்லைன்னா உங்க பஸ் இன்னும் வீடாகலை.

குடிக்கத் தண்ணி வேணும்னா ரோட்டோரத்தில் தண்ணீர் ஏடிஎம் இருக்கு. எங்க ஊருக்கே வந்தாலும் ரெண்டு குடம் இல்லேன்னு யாரையும் அனுப்பினதில்லை. குடத்தோட வாங்க. ஓஸையும் மோட்டாரையும் வண்டியிலேயே வெச்சிட்டு வாங்க.