அகலக்கால் வைக்கலாமா?

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று வாசகர் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். சறுக்கி விளையாடும் அளவுக்கு அங்கும் பனி விழுவதில்லை. தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் புல்வெளியில் அதிகாலையில் உறைபனி படிந்தால் அதைப் படம்பிடித்துப் பத்திரிகையில் போடுவோம். எங்கள் பனியனுபவம் அத்தோடு முடிந்தது.

ஆனால் 1983 ஆடிக்குப் பின்னர் இதே வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா. மூன்றும் பனி நாடுகள். சுவிஸில் மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் தமிழர் வாழ்வதாகக் கணிக்கப்படுகிறது. அங்கே பல பாடசாலைகள் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துச் செல்கின்றன. பனியைக் கண்டால் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்கு ஓடிய தலைமுறைக்கு, பனியைக் கண்டால் மலைக்கு ஓடும் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். ஆகவே இது நம்மவர் வீட்டு விடயம். தமிழில் எழுதப்படவேண்டிய விடயமும்கூட.

விடுமுறைக்குக் கொழும்பு வந்திருந்த உறவுக்கார இளைஞன் ஒருவன், தான் வாங்கப்போகும் ஸ்கீயின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினான். நடுப்பகுதி 108 மில்லிமீற்றர் அகலம்.

“சித்தப்பா, இது பாதையிலயும் ஓடலாம், பாதைக்கு வெளியிலயும் ஓடலாம். ரெண்டுக்கும் ஒண்டு போதும் எண்டு சொல்லுறாங்கள்.”

“தம்பி, போன வருசம் எத்தனை நாள் பாதைக்கு வெளியில போனனீர்?”

சற்று யோசித்துவிட்டு, “ஒரு நாள். அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு” என்றான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த விடைக்குள்ளேயே இருக்கிறது. வாங்கும் பொருள் நாம் வாழும் நாட்களுக்குப் பொருந்தவேண்டும். கனவில் காணும் நாட்களுக்கு அன்று.

முதலில், அறியாதவர்களுக்காகச் சில அடிப்படைகள். சறுக்கு நிலையங்களில் இயந்திரங்கொண்டு பனியை அழுத்திச் சமப்படுத்தி, அடையாளக் கம்பம் நட்டு, காவலரும் கண்காணிக்கும் வழிக்குப் ‘பிஸ்ட்’ என்று பெயர். சுவிஸில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் நிறம் குறித்த வழிகளும் உண்டு. அவை பனிச்சரிவிலிருந்து பாதுகாக்கப்படுபவை. ஆனால் சமப்படுத்தப்படுபவையோ கண்காணிக்கப்படுபவையோ அல்ல. இவை எல்லாவற்றுக்கும் அப்பால் விரிந்து கிடக்கும் தொடாத பனிவெளியே ‘ஓஃப் பிஸ்ட்’. அங்கே போகிறவர் தம் சொந்தப் பொறுப்பிலேயே போகிறார்.

இந்த இரு நிலத்துக்கும் ஏன் இரு வேறு ஸ்கீ தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அல்ப்ஸ் மலைக்குப் போகவேண்டியதில்லை. காலி வீதியில் நடக்கும் சப்பாத்தோடு தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் இறங்கிப் பாருங்கள். ஒடுங்கிய குதி புதையும். அகன்ற செருப்புப் புதையாது. ஆனால் அதே செருப்போடு வீதியில் விரைந்து ஓடித் திரும்பினால் கால் பிரளும். பனியிலும் இதே கதைதான். அகலமான ஸ்கீ மென்பனியில் மிதக்கும். ஒடுங்கிய ஸ்கீ இறுகிய பனியில் விளிம்பால் கடித்துக்கொண்டு திரும்பும். காலின் கீழே ஸ்கீ அகலமாக இருக்க இருக்க, அதை ஒரு பக்கம் சரித்து விளிம்பில் நிறுத்துவதற்குக் காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்கவேண்டும்.

எனவே கடைக்காரர் சொல்லும் முதல் எண் நடுப்பகுதியின் அகலம். மில்லிமீற்றரில் 65 முதல் 80 வரை பாதைக்கானவை. 105க்கு மேலே ஆழ்பனிக்கானவை. இடைப்பட்ட 80 முதல் 100 வரையான கூட்டமே ‘ஓல் மவுண்டன்’, அதாவது மலை முழுவதற்கும் ஆனது என்று விற்கப்படுகிறது. பிளிசார்ட் என்ற ஒஸ்ரிய நிறுவனம் பல ஆண்டுகள் விற்ற இவ்வகை ஸ்கீ ஒன்றுக்குப் ‘பிரம்மா’ என்றே பெயர். நான்முகன் பெயரைச் சூட்டினாலும் அதற்கு இருப்பவை இரண்டு முகங்கள்தாம்; இரண்டும் ஒரே அளவு அழகாக இருக்குமென்று எதிர்பார்க்கலாகாது.

ஒரு காலத்தில் இந்தச் சமரசமே சாத்தியமாக இருக்கவில்லை. பழைய ஸ்கீக்கள் நீண்டு ஒடுங்கி, ஏறக்குறைய நேர்கோடாக இருந்தன. 1980களின் இறுதியில் ஒஸ்ரியாவின் அற்றோமிக் நிறுவனம் ஆழ்பனிக்கென்று அகன்ற ஸ்கீயை வெளியிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடை சிறுத்து நுனி விரிந்த வடிவைக் கொண்டுவந்தது; திரும்புவது எளிதாயிற்று. 2002இல் ஷேன் மக்கொங்கியின் யோசனையில் பிறந்த ‘ஸ்பற்றுலா’, நுனியையும் வாலையும் மேல்நோக்கி வளைத்து மென்பனியில் மிதக்கும் வித்தையைக் காட்டியது. இந்த மூன்று கண்டுபிடிப்புகளையும் அளவாகக் கலந்ததே இன்றைய ஓல் மவுண்டன். காலின் கீழே மரபான வில் வளைவு. நுனியில் மேல் வளைவு. இடையில் மிதமான அகலம்.

கலவை நல்லதுதான். ஆனால் கலவையில் எது கூட, எது குறைய என்பதை நிச்சயிக்கவேண்டியவர் வாங்குகிறவர். இங்கேதான் என் அபிப்பிராயம் விளம்பரங்களோடு முரண்படுகிறது. ஐயம் இருந்தால் ஒடுக்கமானதையே எடுங்கள் என்பேன்.

ரொறன்ரோவில் வசிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் போவது கொலிங்வூட்டிலுள்ள புளூ மவுண்டனுக்கு. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே சுமார் 220 மீற்றர் உயரம். பெருமளவு இயந்திரம் தூவிய, இறுகிய பனி. அங்கே 75 முதல் 85 வரை போதும். 100 மில்லிமீற்றர் ஸ்கீயோடு அங்கே செல்வது, கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் உழவு இயந்திரத்தை ஓட்டுவது போன்றது. பேர்ணிலோ சூரிச்சிலோ இருந்து அல்ப்ஸுக்குப் போகிறவர், பாதையோரத்துப் புதுப்பனியில் அவ்வப்போது இறங்க விரும்பினால் 82 முதல் 90 வரை எடுக்கலாம். வன்கூவரில் இருந்துகொண்டு, புயலடித்த மறுநாளெல்லாம் விஸ்லருக்கு ஓடுகிறவருக்கு 95க்கு மேலே போக நியாயம் உண்டு. ஆழ்பனி நாள் ஆண்டுக்கு ஒன்றிரண்டே வாய்க்கிறவர், அன்றைக்கு மட்டும் அகன்ற ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே புத்தி.

“இன்றைய அகன்ற ஸ்கீக்கள் இறுகிய பனியிலும் நன்றாகப் பிடிக்கின்றனவே” என்று அனுபவசாலிகள் மறுப்பார்கள். மறுப்பில் உண்மை உண்டு. மரத்துக்கிடையே உலோகத் தகடு வைத்த சில அகன்ற ஸ்கீக்கள் வேகத்திலும் நடுங்காமல் நிற்கின்றன. ஆனால் அவை கனமானவை. அவற்றை வளைக்கப் பலமும் பயிற்சியும் வேண்டும். இருபது வருடம் சறுக்கியவருக்கு அடங்கும் குதிரை, மூன்று பருவம் சறுக்கியவருக்கு அடங்காது. இடைநிலையில் இருப்பவர் தம் திறமையை நாணத்தாலோ பெருமையாலோ மறைக்காமல் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நீளமும் அப்படித்தான். நாடிக்கும் நெற்றிக்கும் இடைப்பட்டது பொதுவான அளவு; கற்கிறவருக்குச் சற்றுக் குட்டையானது, வேகமும் மென்பனியும் நாடுகிறவருக்குச் சற்று நீளமானது.

ஸ்கீயைத் தேடுமுன் சப்பாத்தைத் தேடுங்கள் என்பது என் அடுத்த யோசனை. காலின் அசைவை ஸ்கீக்குக் கொண்டுபோவது அதுதான். கொட்டாஞ்சேனைத் தையற்காரர் அளவெடுப்பதுபோலப் பொறுமையாகப் பாதத்தை அளந்து பொருத்தித் தருகிற கடை வேண்டும். இணையத்தில் மலிவு கண்டு வாங்கும் பொருள் அதுவன்று. விழும்போது சப்பாத்தை விடுவிக்கும் பூட்டையும் தேர்ந்த தொழில்நுட்பவியலாளரே அமைக்கவேண்டும். நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் முறை ஆகியவற்றைக் கொண்டே அதன் எண் கணிக்கப்படுகிறது. தமையனின் ஸ்கீயைத் தம்பிக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தில் தவறில்லை. தமையனின் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து. இறுகிய பூட்டு விழும்போது விடாது, கால் முறியும்.

இவ்வளவும் பணம், வசதி பற்றிய கணக்கு. இனிச் சொல்லப்போவது உயிர் பற்றிய கணக்கு. இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

‘மலை முழுவதற்கும்’ என்று ஸ்கீயின் மேல் எழுதியிருப்பதை ஓர் அனுமதிச்சீட்டு என்று இளைஞர்கள் வாசித்துவிடுகிறார்கள். ஸ்கீ அனுமதிக்கும், மலை அனுமதிக்க வேண்டுமே. சுவிஸில் பனிச்சரிவில் சிக்கி ஆண்டுதோறும் சராசரியாக இருபது பேரளவில் இறக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் பாதைக்கு வெளியே இறந்தவர்கள். பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டவர் அதில் சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான். நம் துணைக்கண்டத்துக் கதையும் வேறன்று. காஷ்மீரின் குல்மார்க்கில் 2005இல் திறக்கப்பட்ட கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் ஆட்களை 3,900 மீற்றருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிப் கான் வளர்ந்த மலை அது. அதே மலைப்பகுதியில் 2023 பெப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பெப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் மாண்டார்கள்.

புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிது. எந்த உலங்குவானூர்தியும் பத்து நிமிடத்தில் வந்து தோண்டிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பனே தோண்டவேண்டும். அதற்கு அவனிடமும் புதையுண்டவனிடமும் சமிக்ஞைக் கருவி இருக்கவேண்டும். துழாவும் கோலும் சவளும் முதுகுப்பையில் இருக்கவேண்டும். அவற்றைப் பாவிக்கப் பழகியும் இருக்கவேண்டும்.

டாவோஸ் நகரில் 1942இல் நிறுவப்பட்ட பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் ஆபத்து அறிக்கை வெளியிடுகிறது. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் அது வருகிறது. பெற்றோருக்காக அதன் ஐந்து நிலைகளைத் தமிழில் தருகிறேன்: 1 குறைவு, 2 மிதம், 3 குறிப்பிடத்தக்கது, 4 உயர்வு, 5 மிக உயர்வு. ஐந்தில் மூன்றுதானே என்று அலட்சியம் செய்யவேண்டாம். உயிரிழப்புகள் மிகுதியாக நிகழ்வது அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். நான்கிலும் ஐந்திலும் பயந்து வீட்டில் நிற்கிறவர்கள் மூன்றில் துணிந்து புறப்படுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பிள்ளையை மலைக்கே விடாதிருப்பது தீர்வாகாது. பிறந்த நாட்டின் விளையாட்டை விளையாட அதற்கு உரிமை உண்டு. பாதையில் சறுக்குவது ஒழுங்காகக் கற்றவருக்கு அச்சமூட்டும் காரியமும் அன்று. நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை விலையைச் சொல்லும்போது, பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பாதைக்கு வெளியே போவாயா? போவதானால் யாரோடு? இன்றைய நிலை எத்தனை? ஜேர்மன் மொழி தெரியாத அம்மாவும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பதில் சொல்லத் தடுமாறுகிற பிள்ளைக்கு, அகன்ற ஸ்கீக்குச் செலவிட இருந்த பணத்தில் ஒரு பகுதியைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்குக் கட்டிக் கொடுங்கள்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டுங்கெட்டானைப் பழிப்பது நம் வழக்கம். நன்றாகத் தேர்ந்தெடுத்த ஓல் மவுண்டன் ஸ்கீ அந்தப் பழியைப் பொய்யாக்கிவிடும். இரு நிலத்திலும் கண்ணியமாகவே நடந்துகொள்ளும். ஆனால் அகலக்கால் வைக்காதே என்று முன்னோர் சொன்ன புத்தி, பனியையே காணாதவர்கள் சொன்னதாயினும், பனிக்கும் பொருந்துகிறது. எண்பத்தைந்து மில்லிமீற்றர் போதும், தம்பி. மிச்சப் பணத்துக்கு நல்ல சப்பாத்து வாங்கும்.