கறிவேப்பிலையில் இலை எது?

ஓர் இணுக்கு கறிவேப்பிலையை உங்கள் பிள்ளை கையில் கொடுத்து, "இதுல எத்தனை இலை இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து, பதினேழு என்று எண்ணிச் சொல்லும். தாவரவியல் படித்தவரிடம் கேட்டால் விடை: ஒன்று.

ஆமாம், ஒன்றேதான். நடுவில் ஓடும் காம்பும் இரண்டு பக்கமும் இருக்கும் துண்டுகளும் சேர்ந்து ஒரே இலை. கூட்டிலை என்று பெயர். நாம் உருவித் தாளிப்பில் போடுவதெல்லாம் சிற்றிலைகள். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இலை கிளையோடு சேரும் மூலையில் ஒரு குட்டி மொட்டு இருக்கும். கறிவேப்பிலையில் அந்த மொட்டு, நடுக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் இருக்கிறது. சின்ன இலைகளின் அடியில் இல்லை. முருங்கை இதைவிட வேடிக்கை. கீரைக்காரம்மா கொடுக்கும் முழ நீளச் சமாச்சாரம், ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து போனாலும், மொத்தமும் ஒரே இலைதான்.

நான் காமர்ஸ் படித்த ஆசாமி. பேங்க் உத்தியோகம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காரணம் வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பெண். சி.பி.எஸ்.இ. "பின்னேட், பால்மேட், கார்டேட், லான்சியோலேட்" என்று அவள் ரூமில் உரக்க மனப்பாடம் செய்கிறாள். பத்தடி தள்ளி சமையலறையில் அவள் அம்மா அதே பின்னேட்டை உருவி எண்ணெயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். ஊரைவிட்டு வந்து பிள்ளை வளர்க்கும் நாம்தான் அந்தச் சுவரை இடிக்க வேண்டும், பள்ளிக்கூடம் இடிக்காது என்பது என் கட்சி.

முதலில் பள்ளிக்கூடத்துச் சொற்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். தாவரவியல் சொற்கள் எந்தச் செடிக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1751-லும் 1753-லும் எழுதிய புத்தகங்களில் இந்தச் சொற்களுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. 1935-லிருந்து 2011 முடிய, புதுச் செடி ஒன்றை முறைப்படி அறிவிக்க வேண்டுமென்றால் அதன் வருணனையை லத்தீனில் எழுதியே ஆகவேண்டும். 2012 ஜனவரி முதல்தான் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விட்டார்கள். பிரேசில்காரர் எழுதினால் ஜப்பான்காரருக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நம்ம பேங்கில் எல்லாக் கிளைக்கும் ஒரே கணக்குத் தலைப்பு இருக்கிற மாதிரி.

இந்தப் பொதுச்சொற்களால் ஒரு பெரிய லாபம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத உறவைக் காட்டிவிடும். மாங்காயும் தேங்காயும் ஒரே வகைக் காய் என்றால் நம்புவீர்களா? இரண்டிலும் வெளியே தோல், நடுவே ஓர் அடுக்கு, உள்ளே கெட்டி ஓடு, அதற்குள் விதை. மாம்பழத்தில் நடு அடுக்கு சதை. அதைச் சப்பிவிட்டு கொட்டையை எறிகிறோம். தேங்காயில் அதே நடு அடுக்கு நார். அதை உரித்து எறிந்துவிட்டு, ஓட்டை உடைத்து, விதைக்குள் இருப்பதைத் துருவுகிறோம். நாரும் மாம்பழச் சதையும் ஒரே இடத்துச் சரக்கு! இதை நம் சமையலறைச் சொற்கள் காட்டாது.

இன்னொன்று. உருளையும் கிழங்கு, சர்க்கரைவள்ளியும் கிழங்கு, மஞ்சளும் கிழங்கு நமக்கு. தாவரவியலில் உருளைக்கிழங்கு தண்டு (அதன் 'கண்' ஒவ்வொன்றும் மொட்டு), சர்க்கரைவள்ளி வேர், மஞ்சள் தரைக்குள் படுத்து வளரும் தண்டு. இந்த இடத்தில் அவர்கள் நம்மைவிட நுணுக்கம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது?

தென்னையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டால் தென்னம்பிள்ளை. மாவாக இருந்தால் கன்று, நெல்லுக்கு நாற்று, பனைக்கு வடலி. தென்னைக்கு ஓலை, அதன் அடியில் மட்டை, ஓலையின் நடு நரம்பு ஈர்க்கு (விளக்குமாறு ஞாபகம் வருதா?), மட்டையின் அடியில் வலை மாதிரி இருப்பது பன்னாடை, பூவை மூடியிருப்பது பாளை, பிஞ்சு குரும்பை, பிறகு இளநீர், தேங்காய், முற்றி வற்றினால் கொப்பரை. ஓட்டுக்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கொட்டாங்குச்சி, என் மனைவியின் நாகர்கோவிலில் சிரட்டை. பிஞ்சு என்று பொதுவாகச் சொன்னாலும் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல். கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள், சோளத்துக்குத் தட்டை. தேவநேயப் பாவாணர் (1902-1981) இவற்றையெல்லாம் வரிசை வரிசையாகத் தொகுத்து வைத்திருக்கிறார்.

கவனித்தால் ஒன்று தெரியும். நம் சொல் வடிவத்தை மட்டும் சொல்வதில்லை. எந்தச் செடி, என்ன வயசு, எதற்கு ஆகும் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வடு என்றால் ஊறுகாய்க்கு. இளநீர் என்றால் குடிக்க. ஈர்க்கு என்றால் பெருக்க.

இந்த இடத்தில் நம்ம ஆட்கள் உணர்ச்சிவசப்படுவார்கள். தொல்காப்பிய மரபியல், வெளிப்பக்கம் வயிரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. தென்னை, பனை, கமுகு, மூங்கில் எல்லாம் புல். இன்றைய தாவரவியலிலும் இவை நான்கும் ஒருவித்திலைத் தாவரங்கள். அருமையான பொருத்தம்தான். ஆனால் உடனே "அப்பவே கண்டுபிடிச்சுட்டோம்" என்று ஃபார்வர்டு செய்யாதீர்கள். தொல்காப்பியர் பார்த்தது வயிரம் எங்கே இருக்கிறது என்று. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ரே பார்த்தது விதைக்குள் இருக்கும் இலையை. இரண்டு பேருமே ஒழுங்காகப் பார்த்தார்கள், அது போதும். பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை என்று தொடங்கி செம்மல் வரைக்கும் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதை அனுப்பின நாமே வீட்டில் "ஃப்ளவர் வாடிப்போச்சு" என்கிறோம். பெருமை பேசினால் சொல் பிழைக்காது. புழங்கினால்தான் பிழைக்கும்.

எந்தச் சொல் சரி என்ற சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில் 1883-ஆம் வருடச் சட்டப்படி இறக்குமதிக் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்குக் கிடையாது. தக்காளி பழம்தானே, வரியைத் திருப்பிக் கொடு என்று ஒரு வியாபாரி வழக்குப் போட்டார். 1893-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தாவரவியல்படி பழம்தான், ஆனால் ஜனங்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்பதால் வரிக்கணக்கில் காய்கறி என்று சொல்லிவிட்டது. காமர்ஸ்காரனுக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும் :-) வகுப்பறைச் சொல்லுக்கு ஓர் இடம், சந்தைச் சொல்லுக்கு ஓர் இடம். தமிழில் அந்த வழக்கே வந்திருக்காது என்பது வேறு விஷயம். பச்சையாக இருந்தால் தக்காளிக்காய், சிவந்தால் தக்காளிப்பழம். முடிந்தது.

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஐ.ஐ.டி.யில கேப்பானா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் இப்போது வேலை பார்ப்பது மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில். எங்கே திரும்பினாலும் வாழை. பயிர்க் கடன் கோப்பு எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது 'நிஸவண்' ஆகிவிட்டதா என்று. மராட்டியில் அது குலை தள்ளுவதைக் குறிக்கும் சொல். காற்றடித்துத் தோட்டம் சாய்ந்தால், நிஸவணுக்கு முன்னாலா பின்னாலா என்பதை வைத்து நஷ்டமே மாறும். வாழை ஏன் அவ்வளவு சுலபமாக முறிகிறது என்பதைத் தாவரவியல் சொல்கிறது. அது மரமே இல்லை. நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது, இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்கும் பொய்த்தண்டு. பூவைச் சுமந்து நடுவில் ஏறி வருவதுதான் நாம் பொரியல் செய்யும் தண்டு. ஆக, ஒரே கோப்பைப் புரிந்துகொள்ள எனக்கு விவசாயியின் சொல்லும் வேண்டும், புத்தகச் சொல்லும் வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாத அதிகாரி, விவசாயி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார், அல்லது எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுவார்.

இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. நாம் வாழைச் சீப்பு என்கிறோமே, இங்கே அதற்கு 'ஃபணி'. தலை வாரும் சீப்புக்கும் அதுதான் சொல். ஆங்கிலேயருக்கு அதே சமாச்சாரம் கையாகவும் விரல்களாகவும் தெரிந்திருக்கிறது. தென்னை ஓலைக்கும் இவர்கள் 'பான்' என்ற பொது இலைச் சொல்லைப் போடாமல் தனியாக 'ஜாவளி' என்கிறார்கள். சீப்பு என்ற சொல்லோடு வளரும் பிள்ளை, ஃபணியைக் கேட்டவுடன் சிரித்துவிடும். 'பனானா பன்ச்' மட்டும் தெரிந்த பிள்ளைக்குத் தமிழிலும் இடமில்லை, மராட்டியிலும் இடமில்லை.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை பேங்கில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தற்காலிகமாகத்தான். அது வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தால், பணம் எங்கிருந்து வந்தது, யாருடையது என்பதே மறந்துபோகும். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழில் 'இலை' இப்போது ஒரு சஸ்பென்ஸ் கணக்கு. ஓலை, தோகை, தாள், மடல், தழை எல்லாம் அதில் போய் விழுகின்றன. சொல் போனால் வித்தியாசத்தைப் பார்க்கும் கண்ணும் கூடவே போகிறது. எனக்கு இருக்கிற கவலை அதுதான்.

என்ன செய்யலாம்? தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம், பிள்ளைகள் ஓடிவிடும். பொருள் கையில் இருக்கும்போது சொல்லைச் சொன்னால் போதும். வாழைப்பூ ஆயும்போது, இது மடல், இது கள்ளன், இதை எடுத்துடணும் என்று சொல்லிக் கொடுங்கள். அது பதிலுக்கு "அம்மா, மடல்தான் ப்ராக்ட்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான். பண்டிகைக்குக் கட்டும் தோரணத்தையும் தாம்பாளத்தையும் பாருங்கள். மாவிலை ஈட்டி வடிவம், வெற்றிலை இதய வடிவம், வேப்பிலை ஓரத்தில் ரம்பப் பல் வைத்த கூட்டிலை. மூன்று பாடம் முடிந்தது, பொங்கலும் ஆறவில்லை.

ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை அரைமணி நேரம் தோட்டத்தில் விடுங்கள். பாட்டி சொல்லும் பெயரையும் புத்தகத்தில் இருக்கும் பெயரையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சில இடத்தில் பாட்டி ஜெயிப்பார், சில இடத்தில் புத்தகம்.

உங்கள் ஊரில் பலாப்பிஞ்சுக்கு, பனையின் இளங்கன்றுக்கு, கரும்பின் காய்ந்த தோகைக்கு என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இன்னும் நிறைய பக்கம் காலியாக இருக்கிறது.