நெய்வேலியில் லாவெண்டர் பயிரிடலாமா?

சில வருஷங்களாக நெய்வேலி நகரியத்தின் வீட்டுத் தோட்டங்களில் ஒரு புதிய செடியைக் காண்கிறோம். சாம்பல் பூத்த ஒடுங்கிய இலைகளும், ஊதா நிறக் கதிர்களும், கசக்கிய கையை நெடுநேரம் விட்டுப் போகாத மணமும் உடைய இச்செடிக்கு லாவெண்டர் என்று பெயர். சோப்புக் கட்டியிலும் வாசனைப் புட்டியிலும் பெயரளவில் நாம் முன்னரே அறிந்த சரக்குத்தான். பலாவும் மாவும் முந்திரியும் வட்டத்துக்கு வட்டம் நிழல் விரித்து நிற்கும் அந்நகரியத்தில், ஓய்வு வேளையில் இரண்டு தொட்டிகளில் இதையும் வைத்துப் பார்ப்பதற்கு எவரும் ஆட்சேபம் சொல்ல நியாயமில்லை. ஆனால் நகரியத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலமுடையோர் சிலர், இதனை ஏக்கர் கணக்கில் வைத்தால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வளர்க்கலாம், வயலில் வைக்கலாகாது.

இக்கேள்வி எங்கிருந்து வந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஜம்மு பிரதேசத்தில் தோடா ஜில்லாவைச் சேர்ந்த பதர்வா என்னும் மலைப் பள்ளத்தாக்கில், மக்காச்சோளம் விதைத்து வந்த சிறு விவசாயிகள் பலர் லாவெண்டருக்கு மாறி நல்ல வருவாய் கண்டார்கள். ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்கு நாற்றுக் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, எண்ணெய் வடிக்கும் கொப்பரைகளையும் அருகிலேயே அமைத்துக் கொடுத்தது. 2022-ஆம் வருஷத்தில் அங்கே லாவெண்டருக்கென்று ஒரு திருவிழாவே நடந்தது. ‘ஊதாப் புரட்சி’ என்று பத்திரிகைகள் எழுதின. இவையெல்லாம் வாஸ்தவமே. அவ்விவசாயிகளின் முயற்சியைக் குறைத்துக் கூற எனக்கு எண்ணமில்லை.

ஆயினும் பதர்வா கடல் மட்டத்திற்கு மேல் ஐயாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி பெய்து மூடுகிறது. எண்ணெய்க்குப் பேர்போன லாவெண்டர் வகை மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் மலைச் சரிவுகளுக்கு உரியது. அங்கே கோடையில் மழையில்லை. குளிர்காலம் கடுமையாக இருக்கும். பூமி கல்லும் சுண்ணாம்பும் கலந்தது. அக்குளிரை அனுபவித்த பிறகே செடி நன்றாய்ப் பூக்கும். நெய்வேலியிலோ மார்கழி இரவிலும் உஷ்ணமானி 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடுகிறது. செடி உயிரோடிருந்தாலும், எண்ணெய்க்கு வேண்டிய பூவை நிறைய எதிர்பார்ப்பதற்கு இங்கே இடமில்லை.

‘எங்கள் பூமி செம்மண், சரளை கலந்தது, தண்ணீர் நிற்காது, அது போதாதா?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நெய்வேலிச் செம்மண்ணில் நீர் விரைவில் வடியும் என்பது உண்மை. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பல இடங்களில் புளிப்புத் தன்மையும் உண்டு. லாவெண்டருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. மண்ணின் குறையையாவது செலவு செய்து திருத்திக்கொள்ளலாம். காற்றின் ஈரத்தை என்ன செய்வது? கடலூர்ப் பகுதியில் வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடுகிறது. அம்மாதங்களில் நாட்கணக்காக இலை காய்வதில்லை. லாவெண்டர் இலையின் மேலுள்ள நுண்ணிய உரோமங்கள் வறண்ட தேசத்தில் செடியின் ஈரத்தைக் காப்பதற்காக இயற்கை அளித்தவை. இங்கே அவையே மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு செடியின் நடுப்பாகத்தைப் புழுங்கச் செய்கின்றன. உள்ளிருந்து கறுத்து, கிளை கிளையாகச் சாகிறது.

வேரின் கதி இதைவிட மோசம். வெப்பமும் ஈரமும் ஒருங்கே கூடும்போது மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் வேரை அழுகச் செய்கின்றன. வேர் அழுகிய செடிக்கு நீரை உறிஞ்ச வலியில்லை. ஆதலால் அது வாடுகிறது. வாட்டத்தைக் கண்ட வீட்டார், தாகத்தால் வாடுகிறதென்று எண்ணி இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். நான் பார்த்தவரையில் நகரியத்து வீடுகளில் இச்செடி செத்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். என் சொந்தத் தொட்டிகளில் முதல் வருஷம் செத்த நான்கும் இவ்வாறே செத்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. மண் ஈரமாக இருக்கச் செடி வாடினால் தண்ணீரைத் தொடவே கூடாது. தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, காற்றோட்டத்தில் வைத்து, தெய்வத்தை நம்பியிருக்க வேண்டியதுதான்.

இனி, வீட்டில் வளர்க்க ஆசைப்படுவோருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதலாவது வகை. நாற்றுப் பண்ணையில் லாவெண்டர் என்று கேட்டால் எதையும் கொடுப்பார்கள். இலையின் ஓரம் பல் பல்லாக வெட்டினாற்போலிருக்கும் வகை ஒன்று உண்டு. எண்ணெய் வியாபாரத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. மணமும் கற்பூர வாடை கலந்தது. ஆனாலும் உஷ்ணத்தை அதிகம் தாங்குவது அதுவே. கடுங்குளிர் இன்றியும் பூக்கும். சமவெளியில் உள்ளவர்கள் அதையே கேட்டு வாங்க வேண்டும். விதை போட்டு வளர்ப்பது வீண் காலவிரயம். மெதுவாக முளைக்கும், தாய்ச்செடியைப் போலவும் இராது.

தொட்டி மண்ணாலானதாக இருக்கட்டும். பக்கங்களில் ஈரம் கசிந்து ஆறும் குணம் மண் தொட்டிக்கு உண்டு; பிளாஸ்டிக்குக்கு இல்லை. அடித்துவாரத்தைப் பெரிதாக்கி, இரண்டு அங்குல உயரம் ஓட்டுத் துண்டுகளை இட்டு, அதன்மேல் இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பொடி ஜல்லி கலந்து நிரப்ப வேண்டும். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக் காரையைத் தூளாக்கி இரண்டு கைப்பிடி சேர்ப்பது மிகவும் நல்லது. சாணி எரு வேண்டாம். கொழுத்த மண்ணில் இலை பருத்து மணம் குன்றும், அழுகலும் முந்தும். அனல் நிலையச் சாம்பலைச் சுண்ணாம்புக்குப் பதிலாக இடலாமா என்று நகரியத்தில் கேட்பவர்கள் உண்டு. அது மிக நுண்ணிய தூள். மணலின் இடைவெளிகளை அடைத்து, எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறோமோ அதையே உண்டாக்கும். ஆகையால் நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை.

ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரம் காலை வேளையில் தண்ணீர் விட வேண்டும். அதுவும் மண்ணில், இலையின்மேல் அல்ல. காலை வெயில் அவசியம். பங்குனி முதல் வைகாசி வரையில் பிற்பகல் வெயில் படாமல் மறைக்க வேண்டும். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டால் செடியின் நடுவே காற்றுப் புகும். இலையற்ற பழங்கட்டை வரைக்கும் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. எவ்வளவு கவனித்தாலும் இங்கே ஒரு செடி பல்லாண்டு வாழுமென்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால் தை மாதத்தில், பூவிடாத இளங்கிளையில் மூன்று நான்கு அங்குலத் துண்டுகள் நறுக்கி மணலில் ஊன்றி, புதுக் கன்றுகளைத் தயார் செய்துகொள்வது வழக்கமாக வேண்டும்.

இவ்வளவு பரிவையும் பத்துத் தொட்டிகளுக்குக் காட்டலாம். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான கன்றுகளை மழைக்கு முன் திண்ணைக்குத் தூக்கிச் செல்ல யாரால் இயலும்?

கடலூர் ஜில்லாவின் விவசாயிகள் புதுப் பயிரைத் தேடுவதில் வியப்பில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இப்பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை அவர்கள் மறக்கவில்லை. மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படிக் காத்திருப்பவனிடம் விரைவில் பணமாகும் பயிரென்று எதைச் சொன்னாலும் காதில் ஏறும். வாசனைப் பயிர்தான் வேண்டுமென்றால் தூரதேசம் போகவேண்டியதில்லை. இதே ஜில்லாவின் கடற்கரை மணற்பாங்கில் வெட்டிவேர் பயிராகிறது. மழையில் அழுகாது, வறட்சியில் சாகாது; வெப்பமே அதற்கு வீடு. மணலாயிருப்பதால் வேர் அறுபடாமல் தோண்டவும் எளிது. வேராகவும் விற்கலாம், எண்ணெயாகவும் வடிக்கலாம். ஏறக்குறைய ஒரு வருஷம் நிலத்தில் கிடக்க வேண்டும், தோண்டும் கூலி அதிகம், விலையும் ஏறி இறங்கும்; இக்குறைகளையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஆனால் வெட்டிவேரில் விவசாயி இழப்பது லாபத்தை. லாவெண்டரில் இழப்பது பயிரையே.

லாவெண்டரின் குடும்பத்தைச் சேர்ந்த துளசி, தும்பை, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி ஆகியவை நம் கொல்லையில் கேட்பாரற்று வளர்கின்றன. நம் தேசத்தின் தக்காணப் பாறைகளில் லாவெண்டர் இனத்துக் காட்டுச்செடிகள்கூட உண்டு. எண்ணெய்க்குப் பேர்போனவை அவையல்ல என்பதால் ஒருவரும் விசாரிப்பதில்லை.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும் உதவி வேளாண்மை அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கன்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, விளைந்ததைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எவரேனும் ஊருக்குள் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்கும்படி விவசாயிகளுக்குச் சொல்லுங்கள். சமவெளியில், ஒரு முழு ஐப்பசி கார்த்திகையைத் தாண்டி நிற்கும் வயல் எங்கே இருக்கிறது, அதை நேரில் காட்டமுடியுமா? பூவை வடிக்கும் கொப்பரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? திரும்ப வாங்கும் விலையைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுவார்களா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காதவரை பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

தொட்டியில் வைத்திருப்போர் புரட்டாசி முடிவதற்குள் அவற்றைத் திண்ணைக்கோ கூரைச் சார்ப்பின் கீழோ மாற்றிவிட வேண்டும். முதல் பெருமழை பெய்த பிறகு மாற்றுவதில் பிரயோஜனமில்லை.