பாதியில் நின்றால் பழி யாருக்கு?



நம்மில் பலர் நிரல் எழுதுகிறோம். எழுதியதை அடுத்த அறை நண்பருக்குக் கொடுக்கும்போது, "இந்த ஒரு வரியை ஒட்டுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்" என்கிறோம். அந்த வரி, இணையத்திலிருந்து ஒரு ஷெல் நிரலை இறக்கி அப்போதே இயக்கிவிடுகிறது. மென்பொருளுக்கு ஆறு திங்கள் உழைத்தவர், அதை நிறுவும் நிரலை மட்டும் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார். இந்தப் பழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து.

மென்பொருள் பிழைபட்டால் அதன் வேலை மட்டுமே கெடும். நிறுவி பிழைபட்டாலோ, நம்பி இடம் கொடுத்தவரின் உடைமையே கெடும். 2011இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவியில், அழிக்க வேண்டிய பாதையின் நடுவே ஒரு வெற்றிடம் தவறி விழுந்திருந்தது. எதையோ சிறிதாக நீக்க வந்த கட்டளை, மென்பொருள்களெல்லாம் குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' அடைவையே துடைத்துவிட்டது. 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளின் ஷெல் நிரலில், தன் அடைவின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாக நின்றது. 'என் அடைவிலுள்ளதை அழி' என்ற கட்டளை, 'அனைத்தையும் அழி' என்று பொருள்பட்டது. ஓர் இடைவெளி, ஒரு வெறுமை. போனது பிறருடைய உழைப்பு. ஆய்வேட்டை இழந்த மாணவனிடம், 'அடுத்த பதிப்பில் திருத்திவிட்டோம்' என்று சொல்லி என்ன பயன்?

"அப்படியானால் ஷெல்லே வேண்டாமே! உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் தொகுப்பு மேலாளர்கள் இருக்கின்றனவே!" என்பர் சிலர். நியாயமான கேள்விதான். அவை உள்ள இடத்தில் அவற்றையே பயன்படுத்துக. ஆனால் ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் நிர்வாக உரிமை இல்லாத மாணவன் என்ன செய்வான்? தன் இல்ல அடைவில்தான் நிறுவ வேண்டும். அங்கே துணைக்கு வருவது ஷெல் ஒன்றே. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல், தன் வழித்தோன்றல்கள் வாயிலாக எல்லா யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளிலும் வாழ்கிறது. ஆனால் பேஷ் எங்கும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணுவது பேதைமை. உபுண்டு 2006 முதல் டேஷ் என்னும் சிறு ஷெல்லைத் தன் அடிப்படை ஷெல்லாகக் கொண்டது. ஆப்பிள் கணிப்பொறியோடு வரும் பேஷ், 2006இல் வெளியான 3.2ஆம் பதிப்பின் வழிவந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை அமைப்பில் பேஷ் இல்லவே இல்லை. ஆகவே போசிக்ஸ் தரத்துக்குள் நின்று எழுதுவதே அறிவுடைமை.

நம்பத்தக்க நிறுவிக்கு இலக்கணம் என்ன? முழுவதும் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வந்த சுவடே தெரியாமல் விலக வேண்டும். இவ்வொன்றிலிருந்தே மற்றவை பிறக்கின்றன.

முதலாவது, நிரலின் வேலைகளையெல்லாம் ஒரு செயற்கூற்றுக்குள் அடக்கி, கடைசி வரியில் மட்டும் அதை அழைக்க வேண்டும். இணைப்பு நடுவில் அறுந்து பாதி நிரலே வந்தாலும், அப்போது ஒன்றும் ஓடாது. ரஸ்ட் மொழியின் நிறுவி இவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

இரண்டாவது, தொடுமுன் பார்க்க வேண்டும். எந்த இயங்குதளம், எந்த வகைச் செயலி, வேண்டிய கருவிகள் உளவா, எழுத இடமும் உரிமையும் உண்டா என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். அழிக்கும் கட்டளைக்கு முன், மாறி வெறுமையாக இருந்தால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது, இறங்கிய பொருளின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். கோட்கவ் நிறுவனம் பயனர்களுக்கு வழங்கிய பேஷ் நிரல் ஒன்றை, 2021 ஜனவரி 31 முதல் ஊடுருவியோர் மாற்றி வைத்திருந்தனர். இரண்டு திங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியிடப்பட்ட எண்ணும் இறங்கிய நிரலின் எண்ணும் வேறுபடுவதை வாடிக்கையாளர் ஒருவர் கண்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. அந்த எண்ணும் பொருளும் ஒரே வழங்கியில் இருந்தால், திருடன் இரண்டையுமே மாற்றலாம். ஆதலால் மின்கையொப்பமும் இருப்பது நன்று.

நான்காவது, புதிய பதிப்பை ஒரு தற்காலிக அடைவில் முழுமையாக ஆயத்தம் செய்து, இறுதியில் பெயர் மாற்றத்தால் இடத்தில் அமர்த்த வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் ஒரு கோப்பின் பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல்; பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும், அரைகுறை இராது. இடையில் பயனர் நிறுத்தினாலும் தற்காலிக அடைவைத் துடைக்க 'டிராப்' கட்டளை உண்டு.

ஐந்தாவது, இரண்டாம் முறை இயக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. ஒரே வரியை ஷெல்லின் அமைப்புக் கோப்பில் மீண்டும் மீண்டும் சேர்க்கும் நிறுவிகளை நாம் காணாமலா இருக்கிறோம்? நீக்கும் வழியையும் சொல்லாமல் நிறுவுவது நாகரிகமன்று.

இவற்றையெல்லாம் எழுத நூறு இருநூறு வரிகள் கூடுதலாகும். அதனால் புகழ் வராது. நன்றாக நடந்த நிறுவலை யாரும் நினைவில் வைப்பதில்லை. எனினும், தமிழ் விசைப்பலகை ஒன்றைச் செய்து தொலைவிலுள்ள நண்பருக்கு அனுப்புகிறோம் என்றால், அவர் நம்மிடமிருந்து முதலில் பெறுவது அந்த நிறுவியைத்தான். நம் திறமையை அவர் பிறகு அறியட்டும்; நம் பொறுப்பை முதலில் அறியட்டும்.